2013 வைன்: போர்தோவை விடுங்கள், பரோலோவைத் தேடுங்கள்

தம்பி, 2013இல் கலியாணம் முடித்த அண்ணன் அண்ணிக்கு அதே ஆண்டு வைன் கொடுக்க, கொழும்பில் பிரான்சின் போர்தோ பகுதிச் சிவப்பு வைன் ஒன்று பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் என்றால் எடுக்கமாட்டேன். அந்த வருடம் அங்கே வசந்தம் முழுக்கக் குளிரும் மழையும். மெர்லோ என்ற திராட்சை வகையின் பூ சரியாகக் காய் பிடிக்கவில்லை, அறுவடை நேரம் அழுகல் வேறு. பெயர் பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் மெலிந்த வைன்தான். வேடிக்கை என்னவென்றால், அதே போர்தோவுக்குள் சோத்தேர்ன் என்ற இடத்தில் இனிப்பு வைன் நன்றாக வந்தது. திராட்சையை வற்றவைத்து இனிப்பைக் கூட்டும் பூஞ்சணம்தானே அதற்குத் தேவை!

சிவப்புதான் வேண்டுமென்றால் இத்தாலியின் பரோலோ 2013. அதற்குரிய நெபியோலோ திராட்சை அந்த வருடம் தாமதமாகப் பழுத்தது, புளிப்பும் துவர்ப்பும் திடமாக நிற்கும், இன்னும் பல வருடம் தாங்கும். கலிபோர்னியாவின் நாபா 2013உம் சிறந்தது, ஆனால் விலை கடிக்கும்.

கடையில் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, வைன் கழுத்துவரை நிற்கிறதா பாருங்கள். தோள்வரை இறங்கியிருந்தால், தக்கை வெளியே தள்ளியிருந்தால் வேண்டாம். நுவரெலியாவுக்கு வந்துவிட்டால் இங்குள்ள குளிர் வைனுக்கு நல்லதுதான். கெடுவது கொழும்பிலிருந்து வரும் வழியில், வெயிலில் நிற்கும் வேனுக்குள். இரவில் கொண்டுவாருங்கள். வீட்டில் இருட்டு அலுமாரியில் படுக்கவைத்து, திறப்பதற்கு முதல்நாள் நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும்.