படர் ரோஜாவும் கிகூயூ புல்லும்

எங்கள் வீட்டு வாசல் சரிவில் தரையோடு தரையாகப் பூத்துக் கிடக்கும் ரோஜாவைப் படம் எடுத்துப் போட்டதிலிருந்து ஒரே கேள்வி மழை. தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 18 வருஷமாக இதை வளர்க்கிறேன், ஏகப்பட்ட செடிகளைக் கொன்றும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தங்கை: அண்ணா, வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான சரிவு, மழை பெய்தால் மண் ஓடுகிறது, மேலே முழுக்கக் கிகூயூ புல் (மண்ணுக்குள் தண்டு ஓடிப் பரவும் புல்வெளிப் புல்). படர் ரோஜா வைத்தால் புல்லை அமுக்கிவிடும் என்று நர்சரியில் சொன்னார்கள். உண்மையா?

அமுக்காதும்மா. நானும் அதை நம்பித்தான் முதல் தடவை புல்லின் நடுவிலேயே குழி வெட்டி நட்டேன். மூன்றாம் வருஷம் ரோஜாவுக்குள் கிகூயூ ஏறி, கையை விட்டுப் பிடுங்கவும் முடியாமல் (முள் சும்மா விடுமா?), மருந்து அடித்தால் ரோஜாவும் சேர்ந்து சாகும் என்பதால் அதுவும் முடியாமல், கடைசியில் எல்லாவற்றையும் தோண்டி எறிந்தேன். பெயர்தான் படர் ரோஜா, அது ஒன்றும் ஜமுக்காளம் இல்லை. கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் இறங்கும், அது போதும் களைக்கு. அதனால் முதலில் புல்லை வேரோடு, மண்ணுக்குள் ஓடும் வெள்ளைத் தண்டோடு எடுங்கள். ஒரு மாதம் காத்திருந்தால் விட்டுப்போனது மறுபடி தலை காட்டும், அதையும் எடுத்த பிறகுதான் நடவு. ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு வெட்டுக் கோடு போட்டு, கோடையில் மாதம் ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் புல் வந்துவிடும்.

சரிவில் வரிசையாக நடாமல் மேலும் கீழுமாக மாற்றி நடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் பள்ளத்துப் பக்கம் பிறை மாதிரி சின்னக் கரை கட்டினால் தண்ணீர் நின்று இறங்கும். இடைவெளி 60 செ.மீ., நீளமாக ஓடும் ரகம் என்றால் 1 மீட்டர். நடுவில் நனைத்த அட்டையைப் பரப்பி, அதன் மேல் மரப்பட்டைத் தூளோ கரும்புச் சக்கையோ நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள், தண்டை மட்டும் தொடக்கூடாது. செடி மூடிக்கொள்ள இரண்டு வருஷம் ஆகும், அதுவரை களை எடுப்பது உங்கள் வேலைதான்.

ஃபீனிக்ஸ் தம்பி: அங்கிள், நோயே வராத ரகம் என்று வாங்கினேன். ஜனவரியில் இலையெல்லாம் கறுப்புப் புள்ளி, மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஜெர்மனியில் ஏடிஆர் என்று ஒரு சோதனை உண்டு, மருந்தே அடிக்காமல் செடிகளை வளர்த்துப் பார்த்துத் தேர்வு செய்வார்கள். அங்கே தேறிய செடியைக் கொண்டுவந்து டர்பன் கோடைப் புழுக்கத்தில் விட்டால் அது கொஞ்சம் திணறத்தான் செய்யும். கரும்புள்ளி ஒரு பூஞ்சை, இலை தொடர்ந்து ஏழெட்டு மணி நேரம் ஈரமாக இருந்தாலே பிடித்துக்கொள்ளும். நீ வேலை முடிந்து வந்து சாயங்காலம் குழாயால் மேலிருந்து அடிக்கிறாய் என்று நினைக்கிறேன், சரிதானே? காலையில் வேரில் மட்டும் ஊற்று. கொட்டின இலையைப் பொறுக்கிக் குப்பையில் போடு, உரக்குழியில் வேண்டாம். மதில் ஓரம், காற்றே வராத மூலை என்றால் ஜூலையில், நம் குளிர்காலத்தில், செடியை இடம் மாற்றிவிடு. நல்ல ரகமாக இருந்தால் இலை கொட்டினாலும் தானே துளிர்க்கும்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஓர் அண்ணன்: எப்போது வெட்டுவது? ஜூனிலேயே வெட்டலாமா?

வேண்டாம் அண்ணா. உங்கள் பக்கம் உறைபனி உண்டு. சீக்கிரம் வெட்டினால் இளந்துளிர் கிளம்பி ஒரே ராத்திரியில் கருகிவிடும். ஜூலைக் கடைசி சரி, வீடு பள்ளத்தில் இருந்தால் ஆகஸ்ட் முதல் வாரம் வரைகூடப் பொறுக்கலாம். கடற்கரைப் பக்கம் செடி தூங்குவதே இல்லை, அவர்கள் லேசாக வெட்டினால் போதும். பெரிய ரோஜாவுக்கு மாதிரி கணு பார்த்து, கோணம் பார்த்து வெட்டும் சடங்கெல்லாம் இதற்குத் தேவையில்லை, வேலி வெட்டும் கத்தரியால் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டு, காய்ந்ததையும் கிழக்கட்டைக் கிளைகளில் இரண்டொன்றையும் அடியோடு எடுங்கள். ஒன்று மட்டும் கவனம், நொசோமி மாதிரி வருஷத்துக்கு ஒரே தடவை பூக்கும் ரகம் என்றால் பூத்து முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். குளிர்காலத்தில் வெட்டினால் அந்த வருஷப் பூ போச்சு.

டோங்காட் அம்மா ஒருவர்: எங்கள் வீட்டில் சைவம், எலும்புத் தூள் உள்ளே வரக்கூடாது. வேறு என்ன போடலாம்?

எலும்புத் தூள் இல்லாமலும் ரோஜா பூக்கும் அம்மா. நடும் குழியில் நன்றாக மக்கிய சாணம், ஒரு பிடி சூப்பர் பாஸ்பேட். அப்புறம் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஆறு வாரத்துக்கு ஒரு முறை 3:1:5 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து அந்த விகிதத்தில் இருப்பது), போட்டவுடன் தண்ணீர். கோழி எருவைப் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள், வேர் வெந்துவிடும். (எலும்புத் தூள் போட்டால் நாய் தோண்டும், அந்த வகையில் உங்களுக்கு லாபம்.)

அதே அம்மா: நவம்பரில் ராத்திரியில் ஏதோ வந்து மொட்டையும் இலையையும் கடித்துவிட்டுப் போகிறது, பகலில் ஒன்றும் தெரியவில்லை.

வண்டு. பகலில் மண்ணுக்குள் படுத்திருக்கும். இருட்டின பிறகு டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள், இல்லையென்றால் செடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு விளக்கும் அடியில் சோப்புத் தண்ணீர் வாளியும் வையுங்கள். காலையில் எண்ணிப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள்.

கேப் டவுன் தம்பி: அங்கே சொல்வது இங்கே பொருந்துமா?

வெட்டும் மாதம் பொருந்தும், தண்ணீர்க் கணக்கு பொருந்தாது. உங்களுக்கு மழை குளிர்காலத்தில். ஜனவரி, பிப்ரவரியில் வாரம் இரண்டு தடவை ஆழமாக ஊற்ற வேண்டும், தினமும் ஒரு சொம்பு தெளிப்பதில் பயனில்லை.

சாட்ஸ்வர்த் தங்கை மறுபடியும்: ஒரு செடி வாங்கி நாமே பெருக்க முடியுமா? கோயில் மாலைக்கும் பூ ஆகுமா?

பெருக்கலாம். நீளமான கிளையைத் தரையில் அழுத்தி, கணுவின் அடியில் லேசாகக் கீறி, மண் மூடி, மேலே ஒரு கல் வை. செப்டம்பரில் பதியம் போட்டால் மார்ச்சுக்குள் வேர் பிடித்திருக்கும். உன் சரிவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செய்துகொள், ஆனால் உரிமை பதிவான ரகங்களைப் பெருக்கி விற்கக்கூடாது. மாலைக்கு ஆகாது தங்கச்சி, கட்டி முடிக்கும் முன்பே இதழ் உதிரும். காவடிக்கு வழக்கம்போல செண்டுமல்லியே வாங்கிக்கொள், இதை உதிரியாகச் சாமி படத்துக்குப் போடலாம், என் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் அதைத்தான் செய்கிறாள்.