தாமதமாக வந்தவரா கிரீன்ஸ்ட்ரீட்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘தி மால்டீஸ் ஃபால்கன்’ என்ற 1941ஆம் ஆண்டின் ஹாலிவுட் துப்பறியும் படத்தை அண்மையில் பார்த்தேன். அதில் பருத்த வில்லனாக வரும் ஆங்கிலேயர் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு அதுவே முதல் படம் என்றும், அப்போது அவருக்கு வயது 61 என்றும் அறிந்து வியந்தேன். இளமையில் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவராம். இத்தனை திறமையுள்ளவரின் நாற்பது ஆண்டுகள் வீணாகிவிட்டன என்ற வருத்தம் எனக்கு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செ.

அன்புள்ள செ.,

இலங்கைக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன், அது சிறியது. 1879இல் கென்ட் பகுதியின் சாண்ட்விச் ஊரில் தோல் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த கிரீன்ஸ்ட்ரீட், பதின்பருவம் முடியுமுன்பே தேயிலையில் பணம் சேர்க்கும் கனவோடு இலங்கைக்குப் போனார். வறட்சி அதைக் கெடுத்தது, ஊர் திரும்பினார். அப்படிக் கப்பலேறித் திரும்பும் வசதி துரைமார்களுக்கு இருந்தது, அக்காலத்துத் தோட்டங்களில் கொழுந்து பறித்த நம்மவர்களுக்கு இருக்கவில்லை. பிறகு மதுவடிசாலை ஒன்றை நிர்வகித்தபடியே நடிப்புப் பயின்று, 1902இல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகம் ஒன்றில் கொலைகாரனாக மேடையேறினார்.

1905இல் அமெரிக்க மேடைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள், இசை நாடகங்கள், நகைச்சுவை என்று ஊர் ஊராகச் சுற்றி நடித்தார். 1930களில் அந்நாட்டு மேடையின் புகழ்பெற்ற இணையரான ஆல்ஃபிரட் லண்ட், லின் ஃபான்டன் ஆகியோருடன் அடுத்தடுத்துப் பல நாடகங்களில் நடித்தார். மேடை ரசிகர்கள் அவரைப் பெரும்பாலும் நகைச்சுவை நடிகராகவே அறிந்திருந்தார்கள். ஆகவே அவர் வாய்ப்புக்குக் காத்திருந்து மூப்படைந்தவர் அல்லர். தன் தொழிலில் நிறைவாக வாழ்ந்துகொண்டிருந்தவர். கேமரா பார்க்காததையெல்லாம் நடக்காததாகக் கருதும் பழக்கம் நம் தலைமுறைக்கு வந்துவிட்டது.

லண்ட் இணையரின் நாடகக் குழுவோடு லாஸ் ஏஞ்சல்ஸ் வந்திருந்த அவரை இயக்குநர் ஜான் ஹூஸ்டன் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மேடையில் நின்றவர், முதல் நாள் படப்பிடிப்பில் பதற்றம் தாளாமல் படத்தின் நாயகி மேரி ஆஸ்டரிடம் தன் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம். திரையில் அதன் சுவடே இல்லை. கேமரா தாழ்ந்திருந்து அவர் வயிற்றை மலைபோல் காட்டுகிறது என்பதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அவர் பேசும் முறை. துப்பறிவாளராக வரும் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு மயக்க மருந்து கலந்த மதுவைக் கொடுத்துவிட்டு, அது வேலை செய்யும்வரை, தான் தேடும் பருந்துச் சிலையின் பல நூற்றாண்டுக் கால வரலாற்றைச் சொல்லிக்கொண்டே போகிறாரே, அந்தக் காட்சியை மீண்டும் பாருங்கள். காட்சியில் நிகழ்வதெல்லாம் பேச்சு மட்டுமே. நீண்ட வாக்கியத்தின் நடுவே எங்கே மூச்சு வாங்குவது, எங்கே சிரிப்பை நிறுத்தற்குறிபோல வைப்பது, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எட்டும் குரலை ஓர் அறைக்குள் எப்படி அடக்குவது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்திருக்கிறது. இருபது வயதில் ஹாலிவுட்டுக்கு வந்திருந்தால் அவரால் இந்தக் காட்சியைச் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. நாகசாகியில் விழுந்த அணுகுண்டின் ‘ஃபேட் மேன்’ (பருத்த மனிதன்) என்ற பெயரே இந்தக் கதாபாத்திரத்திலிருந்து வந்தது என்று, அப்பெயரைச் சூட்டிய இயற்பியலாளர் ராபர்ட் செர்பர் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

எனக்கு ஒரு குறை உண்டு, ஆனால் அது வேறு. எட்டே ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அவரை ஹாலிவுட் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. ‘கேஸபிளாங்கா’வில் கள்ளச்சந்தையை ஆளும் இத்தாலியர், கடைசிப் படமான ‘மலாயா’வில் டச்சுக்காரர் என்று, எந்த நாட்டவராகக் காட்டினாலும் அவரிடம் எதிர்பார்த்தது அந்தப் பருத்த உடலையும் வழவழப்பான பேச்சையும்தான். நடிகர் பீட்டர் லோரேயுடன் நடித்த ஒன்பது படங்களிலும் இந்தச் சலிப்பை ஓரளவு காணலாம். நீரிழிவும் சிறுநீரக நோயும் முற்றியதால் 1949க்குப் பின் அவர் படங்களில் நடிக்கவில்லை, துப்பறிவாளர் நீரோ வுல்ஃபாக வானொலியில் சில மாதங்கள் குரல் கொடுத்தார், 1954இல் காலமானார்.

மேடை ரசிகர்கள் கண்ட நகைச்சுவை நடிகரை ஓரளவேனும் காண விரும்பினால், 1945இல் வந்த ‘கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்’ படத்தில் பத்திரிகை முதலாளியாக வரும் அவரைப் பாருங்கள்.