கேள்வி பதில்: கூரியர் லேபிள் வாங்கிய பிறகும் ஏன் பணம் பிடிக்கிறார்கள்?

கேள்வி: வீட்டிலேயே காகிதக் கூழ் பொம்மை செய்து விற்கிறோம். கொலு சமயத்தில் பெங்களூருக்கு ஒரு செட் அனுப்பினேன். பெட்டி 40-க்கு 30-க்கு 30 சென்டிமீட்டர், எடை 1.8 கிலோ. ஆன்லைனில் 2 கிலோவுக்குப் பணம் கட்டிக் கூரியர் லேபிள் எடுத்து ஒட்டினேன். பொம்மை போய்ச் சேர்ந்த பிறகு, லேபிள் எடுக்க அந்தத் தளத்தில் முன்பணம் போட்டு வைத்திருக்கிற வாலட்டில் இருந்து கூடுதலாகப் பணம் எடுத்துவிட்டார்கள், கேட்டால் 7.5 கிலோ என்கிறார்கள். பொம்மைக்குள் கல்லா வைத்தேன்? இது மோசடி இல்லையா?
வாசகி, திருக்கனூர்

பதில்: மோசடி இல்லை அம்மா, கணக்குதான். பெட்டி அளவைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவதைக் கூரியர்காரர்கள் ‘வால்யூமெட்ரிக் எடை’ என்கிறார்கள் (சில சேவைகளில் வகுக்கிற எண் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்). உங்கள் பெட்டிக்கு 36,000 வகுத்தல் 5000, அதாவது 7.2 கிலோ. தராசு எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. அதையும் அரை அரை கிலோவாக மேலே ஏற்றிக் கணக்குப் போடுவதால் 7.2 என்பது 7.5 ஆகிவிடுகிறது. அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை, உங்கள் பொம்மை மாதிரிச் சரக்கை ஏற்றினால் வண்டியில் எடை ஏறுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும்.

ஆனால் கோபம் வருவது பணம் போனதால் மட்டும் இல்லை, அனுப்பி முடித்த பிறகு சொல்கிறார்களே என்றுதானே? லேபிள் எடுக்கும்போது நீங்கள் தட்டுகிற எடையையும் அளவையும் யாரும் சரிபார்ப்பதில்லை, உங்கள் வாய்ச்சொல்லை நம்பி ஒரு தொகை வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். பார்சல்களைப் பிரித்து அனுப்புகிற மையத்தில், அதாவது ஹப்பில், பெல்ட் மேல் பார்சல் ஓடும்போது மெஷின் எடையும் பார்க்கும், மேலிருந்து அளவும் எடுக்கும், அப்போது வருகிற வித்தியாசம்தான் பிற்பாடு வாலட்டில் கை வைக்கிறது. அளவு கேட்கிற கட்டத்தில் 10, 10, 10 என்று தட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போட்டால் ஆரம்பத்தில் மலிவாகத்தான் தெரியும்.

இன்னொன்று, வெறும் பெட்டியை அளக்காதீர்கள். கடையில் பெட்டி மேல் அச்சடித்திருக்கிற அளவையும் அப்படியே எழுதாதீர்கள். பொம்மை உடையக் கூடாது என்று பபிள் ஷீட்டைத் திணித்து, மூடி சரியாக மூடாமல் அழுத்தி டேப் ஒட்டுகிறோம் இல்லையா, அப்போது பெட்டி உப்பிக்கொள்ளும். மெஷின் உப்பின இடத்தைத்தான் அளக்கும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் கூடினால் 42, 32, 32. பெருக்கிப் பாருங்கள், 43,008. 8.6 கிலோ வந்து 9 கிலோவுக்குப் பில் போகும். உள்ளே இருக்கிற பொம்மை அதே 1.8 கிலோதான்! அதனால் டேப் எல்லாம் ஒட்டி முடித்த பிறகு, எங்கே அதிகம் துருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கே அளவு டேப்பை வைத்து அளந்து அந்த எண்ணை எழுதுங்கள்.

பெட்டியைச் சின்னதாக்க வழி இருந்தால் அதுதான் உண்மையான மிச்சம். செட்டைப் பிரித்து 30, 25, 20 பெட்டியில் அடக்க முடிந்தால் 3 கிலோவில் முடியும். இரண்டு பெட்டியானால்கூட 6 கிலோ, இருந்தாலும் 7.5-ஐ விடக் குறைவு என்று குதிக்க வேண்டாம், ஒவ்வொரு பெட்டிக்கும் முதல் அரை கிலோவுக்கான கட்டணம் தனியாக விழும், இரண்டு விதமாகவும் விலை போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை உங்களுடையது, அனுப்பும் செலவைச் சேர்த்து விலை சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: பண்ருட்டி முந்திரி 1 கிலோ பாக்கெட் அனுப்புகிறேன். பெட்டி சின்னதுதான். அப்படியும் ஒவ்வொரு தடவையும் ஒன்றரைக் கிலோ என்று பிடிக்கிறார்கள்.
வாசகர், பண்ருட்டி

பதில்: முந்திரி 1 கிலோ, சரி. கவர் எடை? அட்டைப்பெட்டி? டேப்? எல்லாம் சேர்த்தால் 1 கிலோவைத் தாண்டாமல் எப்படி இருக்கும்? 1 கிலோ 80 கிராம் வந்தாலே அடுத்த அரை கிலோவுக்குள் காலை வைத்துவிட்டீர்கள். மெல்லிய கவருக்கு மாறினாலும் தாண்டத்தான் செய்யும். ஆகவே ஒன்றரைக் கிலோவுக்குக் காசு கொடுப்பது என்று ஆகிவிட்டபோது கால் கிலோ சேர்த்து ஒன்றேகால் கிலோ பேக் என்று விற்றுப் பாருங்கள், அனுப்பும் செலவு அதேதான். இல்லையென்றால் 900 கிராம் பேக் போடுங்கள், ஆனால் 900 என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதிவிடுங்கள், வாங்குகிறவர் வீட்டிலும் தராசு இருக்கும்.

கேள்வி: அளவு எல்லாம் சரியாகப் போட்டும் கூடுதலாகப் பிடித்தால் என்ன செய்வது? வாலட் மைனஸில் போய்விட்டது, அடுத்த லேபிளே எடுக்க முடியவில்லை.
வாசகர், லாஸ்பேட்டை

பதில்: சண்டைக்குப் போகும் முன் போட்டோ வேண்டும். ஒட்டிய லேபிள் நம்பர் தெரியும்படி பார்சலைத் தராசில் வைத்து ஒன்று, டேப்பை வைத்து நீளம், அகலம், உயரத்துக்கு ஒவ்வொன்று, மொத்தம் 4 போட்டோ. வண்டி வந்து எடுத்துப் போவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், பார்சல் போன பிறகு உங்களிடம் சாட்சி கிடையாது. எடை வித்தியாசம் என்று மெசேஜ் வந்ததும் ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பட்டன் இருக்கும். மறுப்பதற்குச் சில நாள்தான் டைம், பேசாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஹப்பில் எடுத்த படத்தைக் கேளுங்கள், அந்தப் படத்தில் வேறு யாருடைய பெட்டியோ இருந்ததால் பணம் திரும்பி வந்த கதைகளும் உண்டு. ஒரே பொருளை ஒரே பெட்டியில் தொடர்ந்து அனுப்புகிறவர் என்றால், அதன் எடையை முன்கூட்டியே பதிந்து வைக்கிற வசதி பல தளங்களில் இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். வாங்கியவர் பார்சலைத் திருப்பி அனுப்பினால் அந்தத் திரும்பும் கட்டணமும் ஏற்றிய எடைக்கே விழும், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு.

கேள்வி: மகள் நியூஜெர்சியில் இருந்தபடி சேலை விற்கிறாள். அங்கேயும் தபால் லேபிள் எடுத்த பிறகு காசு பிடிக்கிறார்களாம்.
வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அங்கேயும் அதே கதை, அளவுகோல் மட்டும் இஞ்ச், பவுண்ட். அமெரிக்கத் தபால் துறையில் 1 கன அடி, அதாவது 1,728 கன இஞ்சைத் தாண்டிய பெட்டிக்குத்தான் இந்தக் கணக்கு, மொத்தத்தை 166-ஆல் வகுப்பார்கள். 14, 12, 12 இஞ்ச் பெட்டி என்றால் 2,016, வகுத்தால் 12-க்குக் கொஞ்சம் மேல், 13 பவுண்ட் என்று எடுத்துக்கொள்வார்கள். உள்ளே 4 பவுண்ட் சேலை இருந்தாலும் அதுதான். 12, 12, 12-க்குள் அடக்கினால் தராசு எடைக்கு மட்டும் கொடுத்தால் போதும். சேலை மடிக்கிற பொருள்தானே, அழுத்திப் பேக் பண்ணச் சொல்லுங்கள். 22 இஞ்சுக்கு மேல் நீளம் போனால் தனிக் கட்டணம், பெரிய பெட்டிக்கு அளவே எழுதாமல் விட்டால் அதற்கும் ஒரு அபராதம். கூடுதலாகக் கட்டியிருந்தால் லேபிள் வாங்கின இடம் வழியாகத் திருப்பியும் தருகிறார்கள், கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தத் தலைவலிக்குத் தபால் ஆபீஸே மேலா?
வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: மாதம் நாலைந்து பார்சல் என்றால் ஆமாம். கவுன்டரில் உங்கள் கண் முன்னால் எடை போட்டு ரசீது கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு யாரும் உங்களைத் தேடி வந்து பிடிப்பதில்லை. 2025-இல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அந்த அக்டோபரில் ஸ்பீடு போஸ்ட் கட்டணமும் மாறியது, அதனால் பழைய ரசீதை வைத்து விலை சொல்லாதீர்கள். தினமும் பத்து இருபது போகிற வியாபாரம் என்றால் வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிற கூரியரை விட்டுவிட்டு வரிசையில் நிற்கக் கட்டாது, தராசும் அளவு டேப்பும் வாங்கிப் போடுங்கள்.