பங்காளிகளை எண்ணினால் போதுமா?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகு இனச் சிறு செடி), நெல் இரண்டிலும், உப்பு போன்ற நெருக்கடியைச் செல்லுக்குத் தெரிவிக்கும் கால்சியம் சமிக்ஞை மரபணுக் குடும்பங்களை ஒப்பிடுகிறேன். கால்சியத்தைப் பிடிக்கும் சிபிஎல் புரதங்களின் மரபணுக்கள் இரண்டிலும் 10. அவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் சிஐபிகே அராபிடாப்சிஸில் 26, நெல்லில் 30-க்கு மேல். கால்மோடுலின் என்ற கால்சியம் பிடிக்கும் புரதத்தைப் போன்ற சிஎம்எல் அராபிடாப்சிஸில் 50, நெல்லில் 32. அட்டவணை போட்டுவிட்டேன், அடுத்து என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அதிகம் இருக்கும் செடிதான் உப்பைத் தாங்குமா? அப்படியானால் எண்ணூர் கழிமுகத்துக் கண்டல் மரத்தில் இன்னும் நிறைய இருக்க வேண்டுமே? காசிமேட்டில் படகுக்குப் போகும் அப்பா, "செடிக்குள்ள என்னம்மா எண்ணிக்கிட்டு இருக்க?" என்கிறார்.

ஒரு மாணவி, திருவொற்றியூர்

அன்புள்ள மாணவிக்கு,

அட்டவணை இருக்கட்டும். அதிலிருந்து நேராக உப்புக்குத் தாவிவிடாதீர்கள். அராபிடாப்சிஸில் கால்மோடுலின் மரபணுக்கள் 7. அவை உண்டாக்கும் புரதங்களோ 4 வகைதான். அவற்றில் மூன்று மரபணுக்கள், ஓர் அமினோ அமிலம்கூட மாறாமல், ஒரே புரதத்தைச் செய்கின்றன. வெறும் 7 என்று எழுதினால் இது தெரியுமா?

ஒரு செடிக்குள் ஒரு மரபணு இரட்டிப்பானால் அந்த இரண்டும் பங்காளிகள். அப்புறம் நம் வீடுகளில் நடப்பதுதான், பாகப்பிரிவினை. ஒன்று வேரைப் பார்த்துக்கொள்ளும், மற்றது இலையை. சில சமயம் ஒன்று புது வேலைக்குப் போகும். பல நேரம் ஒன்று சிதைந்தே போகும். ஆனால் நெல்லுக்கும் அராபிடாப்சிஸுக்கும் பொதுவான மூதாதையிடம் ஒன்றாக இருந்து, இரண்டு வம்சமும் பிரிந்தபோது பிரிந்த மரபணுக்களின் உறவு வேறு. உங்கள் ஆய்வு தேட வேண்டியது அந்த உறவைத்தான். வம்சமரம் போட்டு, யாருக்கு யார் நேர் என்று பாருங்கள்.

ஒரே ஓர் இணையை எடுத்துக்கொள்வோம். வேரில் உப்பு ஏறினால் செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது. சிபிஎல்4 அதைப் பிடித்துக்கொண்டு சிஐபிகே24-உடன் சேர்கிறது. அந்த ஜோடி, செல் சவ்வில் இருக்கும் எஸ்ஓஎஸ்1 என்ற பம்ப்பில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி முடுக்கிவிட, சோடியம் வெளியே போகிறது. இது அராபிடாப்சிஸில் கண்டுபிடித்த கதை. 2007-இல் நெல்லின் நேர் உறவுகளை ஈஸ்ட் செல்லுக்குள் வைத்துப் பார்த்தார்கள், வேலை நடந்தது. ஒரு செடியின் சிபிஎல்லை இன்னொன்றின் சிஐபிகேயோடு மாற்றிச் சேர்த்தபோதும் நடந்தது. இரண்டு செடிகளும் பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எனக்கு இன்றைக்கும் இதைப் படித்தால் சிலிர்க்கிறது. எண்ணிக்கை இதை உங்களுக்குக் காட்டவே காட்டாது.

கண்டலுக்கு வருகிறேன். எண்ணூரில் வெயில் காலத்தில் ஒரு வெண்கண்டல் இலையைத் தடவிப் பாருங்கள். விரலில் பொடிப் பொடியாக உப்பு ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். இலையிலுள்ள சுரப்பிகள் கக்கிய உப்பு அது. இப்படியொரு ஏற்பாடு உங்கள் அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. இன்னொன்று, அராபிடாப்சிஸின் உறவான ஓர் உப்புநிலச் செடியில், உப்பு வருவதற்கு முன்பே எஸ்ஓஎஸ்1 அதிகமாக இயங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் எத்தனை மரபணு என்பதோடு, எது எப்போது, எங்கே, எவ்வளவு வேலை செய்கிறது என்ற தரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. கால்சியத்தைப் பிடிக்கும் 'ஈஎஃப் கை' என்ற பகுதியை மட்டும் வைத்து வலை வீசினால் சிபிஎல், சிஎம்எல், சிடிபிகே என்ற இன்னொரு கால்சியப் புரதக் குடும்பம் எல்லாம் கலந்து விழும். சிஐபிகே விழாது, அதற்கு அந்தக் கை கிடையாது. சரியாக முடிக்காத மரபணுத் தொகுப்பாக இருந்தால் ஒரே மரபணு இரண்டு துண்டாகி இரண்டென்று கணக்கில் ஏறிவிடும். இவற்றைச் சலிக்காமல் போட்ட அட்டவணையை நான் நம்பமாட்டேன்.

அப்பா கேட்டதும் சரியான கேள்விதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்த மாதிரி இருக்கும் அந்தக் கையை முதலில் பார்த்தது செடியில் இல்லை, கெண்டை மீனின் தசைப் புரதத்தில். 1973-இல். பார்வால்புமின் என்று பெயர். மீன் ஒத்துக்கொள்ளாமல் சிலருக்கு உடம்பு தடித்துப்போகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் புரதம்தான். அப்பா வலையில் வரும் மீனிலும் இருக்கிறது என்று சொல்லுங்கள்.