நாலு பிள்ளைகளுக்கு மரியோ கார்ட் 64 வாங்கலாமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கோடை விடுமுறைக்கு அவருடைய இரண்டு பிள்ளைகளோடு அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து தங்கப் போகிறார்கள். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஆடுவதற்கு, அமெரிக்காவிலிருந்து வந்த நின்டெண்டோ 64 என்ற பழைய வீடியோ கேம் மெஷினையும் அதில் ஓடும் மரியோ கார்ட் 64 என்ற வண்டிப் பந்தயக் கேசட்டையும் 16,000 ரூபாய்க்குத் தருவதாகக் கோவையில் ஒருவர் சொல்கிறாராம். கேசட்டுக்குள் பேட்டரி மாற்ற 1,500 ரூபாய் தனி. நாலு பேரும் சேர்ந்தே கோப்பைப் போட்டி ஆடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்பது கேள்வி.

முதலில் அந்த 1,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மரியோ கார்ட் 64 கேசட்டுக்குள் பேட்டரியே கிடையாது. ஜெயித்த கோப்பைகளும் சாதனை நேரங்களும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன சிப்பில் பதிகின்றன. அதற்குக் கரண்ட் தேவையில்லை. 1996 டிசம்பரில் ஜப்பானில் வெளியான கேசட்டிலும் பழைய பதிவு இன்றைக்கும் அப்படியே இருக்கும். இல்லாத பேட்டரிக்குக் காசு கேட்பவர் மற்றதில் மட்டும் உண்மை சொல்வார் என்று எப்படி நம்புவது?

அடுத்தது கோப்பைப் போட்டி. அந்த ஆட்டம் ஒருவர் அல்லது இருவருக்கு மட்டும்தான். எட்டு வண்டிகள், நாலு கோப்பைகள், கோப்பைக்கு நாலு பாதைகள், ஆக மொத்தம் 16 பாதைகள். இந்தப் போட்டி இரண்டு பேரோடு முடிந்தது. மூன்று பேரோ நாலு பேரோ உட்கார்ந்தால் நேருக்கு நேர் பந்தயமும் பலூன் சண்டையும்தான் மிஞ்சும். அந்தப் பந்தயத்தில் கம்ப்யூட்டர் ஓட்டும் வண்டிகள் வராது, பாட்டும் நின்றுவிடும். நாலு வண்டி மட்டும் சத்தமில்லாமல் ஓடும்போது பெரிய பாதைகள் வெறிச்சோடித்தான் தெரியும். இந்த ஆட்டத்தின் பெரிய குறை என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் நாலு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குப் பலூன் சண்டை ஒன்றே போதும். ஆளுக்கு மூன்று பலூன், நாலு மைதானங்கள். மூன்றும் போனவர் சும்மா உட்கார வேண்டியதில்லை. வெடிகுண்டு வண்டியாக மாறி, மிச்சமிருப்பவர் மேல் ஒரு முறை மோதலாம். தோற்ற பிள்ளை அழாமல் துரத்துகிற ஆட்டம் வேறு எத்தனை இருக்கிறது?

தனியாக ஆடும்போது வேறொரு எரிச்சல் உண்டு. எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் கம்ப்யூட்டர் வண்டிகள் ரப்பர் கயிற்றில் கட்டியதுபோல முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். வேகம் கூடிய 150 சிசி பிரிவில் இது ரொம்ப மோசம். பிள்ளைகளை வேகம் குறைந்த 50 சிசியில் தொடங்கச் சொல்லுங்கள். வண்டி ஓட்ட டோட், பீச், யோஷி என்ற எடை குறைந்த பாத்திரங்கள் மூன்றில் ஒன்று. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் கோ-கார்ட் ஓட்டும் பையன்களுக்குத் தெரியும், எடை குறைந்தவருக்குத்தான் லாபம். இந்த ஆட்டத்திலும் அப்படித்தான்.

இதன் உயிர் சறுக்கலில் இருக்கிறது. வளைவில் ரிமோட்டின் ஆர் பட்டனை அழுத்தி ஒரு துள்ளு துள்ளி, விடாமல் சறுக்கிக்கொண்டே வண்டியைத் திருப்பும் குச்சியை எதிர்ப்பக்கமும் வளைவுப் பக்கமுமாக இரண்டு முறை ஆட்டினால் சக்கரத்துப் புகை நிறம் மாறும். அப்போது பட்டனை விட்டால் வண்டி பாயும். கை பழக ஒரு வாரம் ஆகும். பழகிவிட்டால் பிள்ளைகளை எழுப்ப முடியாது.

அதனால்தான் குச்சியைப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். குச்சியின் அடியில் வெள்ளை மாவு மாதிரி படிந்திருந்தால் உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். விழப்போகும் பால் பல் மாதிரி ஆடும். சறுக்கல் சரியாக வராது. நாலு ரிமோட்டும் தருகிறேன் என்பார், ஒன்றுதான் நன்றாக இருக்கும். நாலையும் செருகி ஓட்டிப் பாருங்கள். மெஷினின் முன்பக்க மூடியைத் திறந்து உள்ளே ஜம்பர் பேக் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சின்னக் கட்டை இல்லையென்றால் படமே வராது.

இப்போது கரண்ட். அமெரிக்க மெஷினின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட். நம் வீட்டில் வருவது 230. "கரண்டெல்லாம் பிரச்சனையே இல்லீங்க, செல்போன் சார்ஜர் மாதிரிதானுங்க" என்பார்கள். இல்லை. வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் செருகினால் அடாப்டர் போய்விடும். அப்படிக் கருகிய அடாப்டரோடு என்னிடம் வந்தவர்கள் பலர்.

இதற்கு விலக்கு ஒன்று இருக்கிறது: இங்கிலாந்து மெஷின். அதன் அடாப்டர் நம் கரண்டுக்கே ஒத்துப்போகும், பிளக் மட்டும்தான் மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு இங்கிலாந்து கேசட்தான் வேண்டும். அமெரிக்க கேசட்டும் இங்கிலாந்து கேசட்டும் பார்க்க ஒரே வடிவம், அதில் உள்ளேயும் போகும், ஆனால் ஓடாது. மெஷினுக்குள் இருக்கும் பூட்டு சிப் விடாது. ஜப்பான் கேசட் வடிவத்திலேயே வேறு, உள்ளேயே போகாது. எனவே மெஷின் ஒரு ஊரும் கேசட் ஒரு ஊருமாகக் கலந்து விற்கிறார்களா என்று பாருங்கள், நிறையப் பேர் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். இன்னொன்று, இங்கிலாந்து மெஷின் நொடிக்கு 60 முறைக்குப் பதில் 50 முறைதான் படம் தீட்டும். ஓட்டம் கொஞ்சம் மெதுவாகத் தெரிந்தால் பழுது என்று திறந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து நானே வரவழைக்கிறேன் என்று இறங்குவதும் வேண்டாம். ஒரு பழைய கேசட்டுக்காக நான் ஏழு வாரம் காத்திருந்தேன். பார்சல் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. கடைசியில் சுங்கத்தில் அவர்களாகவே ஒரு மதிப்புப் போட்டு, கேசட்டின் விலைக்குக் கிட்டத்தட்டச் சமமாக வரி கேட்டார்கள். முப்பது வருஷத்துப் பிள்ளை விளையாட்டுச் சாமானுக்கு எதை வைத்து மதிப்புப் போட்டீர்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை. இந்த நிலைமைதான் இடையில் நிற்பவர்களை வாழ வைக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? கோவைக்காரரிடம் பேட்டரிக் காசைத் தள்ளச் சொல்லுங்கள். டிரான்ஸ்பார்மரை அவரே சேர்த்துத் தரட்டும். அவர் கடையில் நாலு ரிமோட்டோடு ஒரு பலூன் சண்டை முழுசாக ஓடிய பிறகு பணம் கொடுங்கள், பில் கேளுங்கள். பில் தர மறுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். கோவை போகும் முன் வீட்டு டிவியின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பரணில் இருக்கும் பழைய பெட்டி டிவியை இறக்கலாம் என்று நினைத்தால், சிலவற்றில் அமெரிக்க மெஷினின் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும்.