கரைக்கு 2 நாள் தூரத்தில் ஒரு நோயாளி: வாசகர் கேள்வி பதில்

அண்டார்டிகா போன்ற தொலைதூரங்களுக்குச் செல்லும் ஆய்வுப் பயணக் கப்பல்களிலேயே டாக்டர்களுக்குக் கடல் மருத்துவப் பயிற்சி தரப்படுகிறது. அதுபற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கே: அவசர சிகிச்சைப் பிரிவில் பழகிய டாக்டர், கப்பலுக்குப் போய்ப் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

ப: மருந்துகளும் கருவிகளும் பெரும்பாலும் தெரிந்தவைதான். பழக வேண்டியது இருப்புக் கணக்கு. மருத்துவமனையில் ஆக்ஸிஜன் சுவர்க்குழாயில் வருகிறது. தீர்ந்துவிடுமோ என்று யாரும் யோசிப்பதில்லை. கப்பலில் 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் கையிருப்பு 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரத்தில் காலி. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ 2 நாள் ஆகும். அதே வேகத்தில் விட்டால் 19 சிலிண்டருக்கு மேல் வேண்டும். ரத்த ஆக்ஸிஜன் அளவைப் பார்த்துப் பார்த்து 2 லிட்டருக்கு இறக்க முடிந்தால், அதே ஒரு சிலிண்டர் பன்னிரண்டரை மணி நேரம் வரும். அதனால்தான், தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் விடும் பழக்கத்தை முதல் நாளே கைவிடச் சொல்கிறோம். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும், மின்சாரத்தில் ஓடும் கான்சன்ட்ரேட்டர் இருந்தால் சிலிண்டரைச் சேமித்து வையுங்கள்.

அடுத்தது இடம். கேபின் குளியலறையில் மயங்கி விழுந்தவருக்கு அங்கேயே நெஞ்சழுத்தம் கொடுக்க முடியாது. முழங்கால் ஊன்றவே இடமிருக்காது. முதலில் நடைபாதைக்கு இழுத்து வர வேண்டும். வாசற்படி உயரமாக இருக்கும், கதவு தானாக மூடிக்கொள்ளும். ஆகவே ஒருவர் கதவைப் பிடிக்க, ஒருவர் தோளடியில் கைகொடுக்க, ஒருவர் கால்களைத் தூக்க வேண்டும். தொங்கவிட்ட டிரிப் பை அலையோடு ஆடினால் சொட்டுக் கணக்கு தவறும். பம்ப் அல்லது டிரிப் பையை அழுத்தித் திரவத்தைத் தள்ளும் பிரஷர் பேக் தேவை. இவற்றை வகுப்பறையில் சொல்லிக் கொடுக்கலாம், பழக்க முடியாது.

கே: கடல் குமட்டலுக்குக் காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமைன் பட்டையை எல்லோருக்கும் கொடுக்கலாமா?

ப: கூடாது. குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைப்பு உள்ளவர்களுக்கும் இது ஆபத்து. முதியவர்களுக்கு மனக்குழப்பம் வரலாம். குறைந்தது 4 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். ஒரு பட்டை 3 நாள் வேலை செய்யும். வாந்தி தொடங்கிய பிறகு ஒட்டிப் பெரிய பயனில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. பட்டையைத் தொட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் அந்தப் பக்கக் கண்மணி மட்டும் விரிந்துவிடும். தலைசுற்றலும் வாந்தியும் சேர்ந்து வந்தால், மூளையில் ரத்தக்கசிவோ என்று டாக்டர் பதறுவார். நினைவு தெளிவாக, கைகால் பலம் சரியாக இருந்தால், ‘பட்டையைத் தொட்டீர்களா’ என்றும் கேளுங்கள்.

கே: ரப்பர் படகிலிருந்து உறைநீரில் விழுந்தவரை எப்படித் தூக்க வேண்டும்?

ப: எவ்வளவு நேரம் நீரில் இருந்தார் என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறல். வாயில் நீர் புகாமல் இருந்தால் அது அடங்கும். சுமார் 10 நிமிடத்தில் விரல்கள் செயலிழக்கும்; அதற்குமேல் கயிற்றைப் பிடி என்று கத்தியும் பயனில்லை. உயிர்காப்பு அங்கி இருந்தால் நினைவிழக்க ஒரு மணி நேரம்வரை ஆகலாம்.

ஒன்றிரண்டு நிமிடத்தில் எட்டிப் பிடித்தால், அங்கியின் தோள்பட்டையைப் பற்றி அப்படியே உள்ளே இழுங்கள். நேரமாகிவிட்டதென்றால் படுத்த நிலையில் தூக்க வேண்டும். நீர் அழுத்தம் உடலைச் சுற்றி ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. நிமிர்த்தித் தூக்கினால் அந்த அழுத்தம் விலகி, ரத்தம் காலுக்கு இறங்கி, இதயம் நின்றுவிடலாம். பேசிக்கொண்டிருந்தவர் படகில் ஏறியதும் சரிந்து விழுவது இதனால்தான். ஆனால் அலையடித்து முகம் மூழ்கிக்கொண்டிருந்தால் நிலையைப் பார்க்காதீர்கள், தூக்குங்கள்.

ஏற்றிய பின் நடக்க விடக்கூடாது, கைகாலைத் தேய்க்கக் கூடாது, சுடுநீரில் குளிப்பாட்டக் கூடாது. ஈர உடையை வெட்டி எடுத்து, முதுகுக்கு அடியிலும் போர்வை போடுங்கள். பலர் மேலே மட்டும் போர்த்துகிறார்கள். துணி சுற்றிய வெப்பப் பைகளை அக்குளிலும் மார்பிலும் வையுங்கள். நாடியை ஒரு முழு நிமிடம் பாருங்கள்; குளிரில் மிக மெதுவாகத் துடிக்கும். சாதாரண வெப்பமானி இந்தக் குளிரை அளக்காது, உணவுக்குழாயிலோ ஆசனவாயிலோ வைக்கும் கருவி வேண்டும். இதயம் நின்றுபோய், உட்சூடு 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் அட்ரினலினை நிறுத்திவைத்து, மின்னதிர்ச்சியை 3 முறையோடு நிறுத்தி, நெஞ்சழுத்தத்தைத் தொடர்ந்தபடி சூடேற்றுங்கள்.

கே: நடுக்கடலில் மாரடைப்பு வந்தால்?

ப: அடைப்பைத் திறக்கும் கேத் லேப் எட்டாத தூரத்தில் இருக்கிறது. இசிஜியில் எஸ்டி உயர்வு (ரத்தக்குழாய் முழுதும் அடைபட்டதைக் காட்டும் கோட்டு மாற்றம்) தெரிந்து, வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ்தான் வழி. 60 கிலோவுக்குக் கீழே 30 மில்லிகிராம், 90 கிலோவும் மேலும் 50 மில்லிகிராம், இடையில் எடைக்கேற்ப. ஒரே ஊசியாக நரம்பில். 75 வயதைத் தாண்டியவருக்குப் பாதி.

கப்பலுக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள். முந்தைய நாள் கேபினில் தடுமாறித் தலையில் அடிபட்டாரா என்று கட்டாயம் கேளுங்கள். குமட்டலுக்குத் தசையில் ஊசி போடாதீர்கள். இந்த மருந்துக்குப் பின் அந்த இடத்தில் ரத்தம் கட்டி வீங்கும். நரம்பு வழியே கொடுங்கள்.

கப்பலைத் திருப்புவது கேப்டனின் முடிவு. அவரிடம் மூன்றே விஷயம் சொல்லுங்கள்: நோயாளியின் நிலை, எத்தனை மணி நேரத்தில் எந்த வசதி தேவை, எந்த இருப்பு எப்போது தீரும். அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவில், சிலி நாட்டின் ஃபிரெய் தளத்தில் விமான ஓடுபாதை உண்டு. அங்கிருந்து தென் சிலியிலுள்ள புன்டா அரினாஸ் நகருக்குக் கொண்டுபோகலாம். மூடுபனி இறங்கினால் விமானம் வராது. அதனால் ‘மோசமானால் சொல்வோம்’ என்று காத்திருக்காமல் சந்தேகம் வந்தவுடனே தகவல் கொடுங்கள்.

கே: பயிற்சியில் சேருமுன் என்ன விசாரிக்க வேண்டும்?

ப: நீங்கள் பயணியா, ஊழியரா என்று எழுத்தில் கேளுங்கள். பயணியாகச் சென்றால் நோயாளியின் பொறுப்பு கப்பல் டாக்டருடையது. அவர் அழைக்காமல் கை வைக்கக் கூடாது. உங்கள் தொழில்முறைக் காப்பீடு கடலில் செல்லுமா என்றும் பாருங்கள். விரிவுரை எத்தனை மணி, கப்பல் மேல்தளத்திலும் படகிலும் பயிற்சி எத்தனை மணி என்று கேளுங்கள். இரண்டாவது குறைவாக இருந்தால் வேறு பயிற்சி தேடுங்கள்.