ஃபலாஃபெல் எண்ணெயில் கரைகிறதா? கடலையை வேகவைத்திருப்பீர்கள்

எண்ணெயில் போட்டதும் ஃபலாஃபெல் (கொண்டைக்கடலையை அரைத்து உருட்டிப் பொரிக்கும் அரபு நாட்டு வடை) உதிர்ந்து போகிறது, அதற்குத் தொட்டுக்கொள்ளும் தஹினி சாஸ், அதாவது எள் விழுதுச் சாஸ், எலுமிச்சை பிழிந்ததும் திரிந்துவிடுகிறது, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். கடலையை வேகவைத்துத்தான் அரைத்திருப்பீர்கள், இல்லையென்றால் டின்னில் வருவதைத் திறந்து அப்படியே மிக்ஸியில் போட்டிருப்பீர்கள். கேள்வியில் அதை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் உறுதியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்ததும் அதையேதான், அதுவும் செய்யக்கூடாத நாளில்.

என் மகளின் ஒன்பதாவது பிறந்தநாள். அவளுடைய நெருங்கிய தோழிக்குப் பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாது. எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும் அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். "அம்மா, நம்ம வீட்டிலாவது அவள் எல்லாரோடயும் சாப்பிடணும்" என்று மகள் சொன்னாள். பாலும் முட்டையும் தேவைப்படாத பண்டம் என்று தேடித்தான் ஃபலாஃபெல்லைப் பிடித்தேன். தஹினி எள் விழுது என்பதால் எள் ஒத்துக்கொள்ளுமா என்று அவள் அம்மாவிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். நீங்களும் விருந்தாளிகளுக்குச் செய்வதாக இருந்தால் இதைக் கேட்டுவிடுங்கள். எள் ஒவ்வாமை பலருக்கு உண்டு, அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் உணவுப் பொட்டலங்களில் எள்ளைக் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கும் அளவுக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பச்சைக் கடலையை அரைத்துப் பொரித்தால் பிள்ளைகளுக்கு வயிற்றைப் பிடுங்குமோ என்று பயந்து, ஊறிய கடலையைக் குக்கரில் வைத்து நாலு விசில் விட்டேன். மாவு நன்றாகத்தான் இருந்தது, மெத்தென்று, உருட்டவும் வந்தது. முதல் நான்கு உருண்டைகளை வாணலியில் போட்டேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் ஓரங்களில் சின்னச் சின்னதாக நுரை கிளம்பி, உருண்டைகள் ஒவ்வொன்றாக விரிந்து, எண்ணெய் முழுக்கப் பழுப்புத் தூளாக மிதந்தது. அரிகரண்டியால் வாரினால் வண்டல் போல வந்தது. கூடத்தில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏதோ ஒரு சமையல் வீடியோவில் சொன்னது நினைவுக்கு வந்து மைதாவைக் கொட்டிப் பிசைந்தேன். உடையவில்லை, ஆனால் கடித்தால் ரப்பர். அன்றைக்கும் அந்தப் பிள்ளை தன் டப்பாவைத்தான் திறந்தது. அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

காரணம் எளிது. கடலை வேகும்போது அதிலுள்ள மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து வீங்கிக் குழைந்துவிடுகிறது. ஊறவைத்த பச்சைக் கடலையில் அது இன்னும் குழையாமல் இருக்கிறது, சூடான எண்ணெய்க்குள் போன பிறகுதான் இளகி, துகள்களை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. வெந்த கடலையில் அந்தப் பிடிப்பு ஏற்கெனவே செலவாகிவிட்டது, மிச்சம் இருப்பது ஈரம் மட்டும். அந்த ஈரம் ஆவியாகி உருண்டையை உள்ளிருந்து உடைக்கிறது.

எனவே 250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை நிறையத் தண்ணீரில் 12 மணி நேரமாவது ஊறவையுங்கள், 18 இருந்தால் இன்னும் நல்லது. எடை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். புழுக்கமான நாளென்றால் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் புளித்துவிடும். வடித்து, துணியில் பரப்பி, ஈரம் போக விடுங்கள். இதை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். பிறகு ஒரு வெங்காயம், நாலைந்து பல் பூண்டு, இரண்டு கைப்பிடி பார்ஸ்லியும் கொத்தமல்லித் தழையும், சீரகத்தூள், தனியாத்தூள், உப்பு சேர்த்து, தண்ணீர் விடாமல் விட்டு விட்டு அரைக்க வேண்டும். விழுதாகக் கூடாது. பருமணல் மாதிரி கரகரப்பாக, கையில் அழுத்தினால் பிடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். பொரிப்பதற்கு முன் அரை டீஸ்பூன் சமையல் சோடா.

எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் கிள்ளிப் போட்ட மாவு உடனே குமிழியிட்டு மேலே வர வேண்டும். முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது நின்றால் மற்றதைப் போடலாம், உடைந்தால் மாவை இன்னொரு சுற்று அரையுங்கள். உருண்டை சின்னதாக இருக்கட்டும், பெரிதானால் வெளியே கருகி உள்ளே வேகாமல் இருக்கும். மூன்று நாலு நிமிடத்தில் நன்றாகச் சிவந்துவிடும், பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சைப்பசேல் என்று ஆவி பறக்கும்.

எகிப்தில் இதைத் தாமியா என்று ஃபாவா பீன்ஸ் என்னும் பெரிய அவரை வகையில்தான் செய்வார்கள், கொண்டைக்கடலையா அசல் என்று யாராவது கீழே கேட்கக்கூடும். எகிப்தில் அப்படித்தான், மறுக்கவில்லை. லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் பக்கம் கொண்டைக்கடலைதான் வழக்கம், நான் செய்வது அது. ஃபாவா பீன்ஸில் செய்தாலும் உலர்ந்த பருப்பை ஊறவைத்துப் பச்சையாகத்தான் அரைக்கிறார்கள், ஆகவே நான் சொன்னது மாறாது. எண்ணெயில் பொரிக்காமல் மின் அடுப்பில் (ஓவன்) வைத்து எடுத்தாலும் வரும், கொஞ்சம் வறண்டிருக்கும்.

தஹினி திரியவே இல்லை, தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். பாலே இல்லாத பொருள் எப்படித் திரியும்? நான் அன்றைக்கு அரைக் கப் தஹினியைக் கெட்டுப்போயிற்று என்று குப்பையில் போட்டேன், நினைத்தால் இப்போதும் வயிற்றெரிச்சல். தஹினி என்பது எண்ணெயில் மிதக்கும் எள் துகள். அதில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பட்டதும் துகள்கள் ஈரத்தைப் பற்றி ஒன்றோடொன்று ஒட்டி இறுகும், கரண்டி கூடத் திரும்பாது. அப்போது நிறுத்தாமல் குளிர்ந்த தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்துக்கொண்டே இருங்கள். திடீரென்று இளகி, நிறம் வெளுத்து, பட்டுப் போல வழியும். அரைக் கப் தஹினிக்கு மூன்று டேபிள்ஸ்பூன் சாறு, ஐந்தாறு டேபிள்ஸ்பூன் தண்ணீர். ஒரு பல் பூண்டை அந்தச் சாற்றிலேயே துருவிப் போட்டுப் பத்து நிமிடம் விட்டால் பூண்டின் காரம் அடங்கும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஒரு நாள் ஒரு துண்டு கேக் சாப்பிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது" என்று அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் என் காதுபடச் சொன்ன பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வாமை இருக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு துண்டில் மூச்சடைக்கலாம். கெடுபிடி செய்கிறாள், செல்லம் கொடுக்கிறாள் என்று அந்த அம்மாவைப் பேசியவர்களில் ஒருவர்கூட, என்ன செய்து தரட்டும் என்று கேட்கவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஊறவைத்த கடலையில் சரியாக வந்தபின், அந்தப் பிள்ளையை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன். ஏழு உருண்டை சாப்பிட்டாள், கிண்ணத்தில் ஒட்டியிருந்த சாஸையும் விரலால் வழித்துவிட்டாள்.

இன்றிரவு கடலையை ஊறப்போட்டால் நாளை மாலைக்கு ஆகும். வாங்கிவைத்த டின் கடலை இருந்தால் ஹம்முஸ் (கடலையும் தஹினியும் சேர்த்து அரைக்கும் துவையல் போன்றது) அரைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வெந்த கடலைதான் வேண்டும்.